பெரிய வெள்ளி எண்ணெய்

சிலருடைய வியர்வை இரும்புக்கு ஆகாது. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை சார், உங்கள் கடிகாரத்தைப் பார்த்தேன், வார் மாட்டும் கொக்கி இன்னும் வாங்கியபடியே இருக்கிறது. சாந்தோவுக்கு அப்படியில்லை. புது பெல்ட் வாங்கினால் மழைக்காலம் முடிவதற்குள் கொக்கி செம்பழுப்பாகிவிடும். அவன் பெண்டாட்டி மிலாக்ரோஸ் துணி துவைக்கும்போது புலம்புவது பக்கத்து வீடுகள் வரைக்கும் கேட்கும். அவன் பனியன் எல்லாவற்றிலும் வலது இடுப்புப் பக்கம் துருக்கறை இருந்தது. எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தாலும் போகவில்லை.

துப்பாக்கியை உறை எதுவும் இல்லாமல் வயிற்றோடு செருகிக்கொள்வது எங்கள் பக்கத்து ஆண்களின் பழக்கம். சட்டையைக் கொஞ்சம் தூக்கினால் பிடி தெரிய வேண்டும், அதுதான் அவர்களுக்கு நகை. கடற்கரை ஊர், உப்புக்காற்று, போதாததற்கு வயிற்று வியர்வை. இரும்பு என்ன செய்யும் பாவம்.

சேவற்கட்டு நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் களத்து வாசலில் என் வேலை. துப்பாக்கியோடு யாரும் உள்ளே போகக் கூடாது. சேவல் தோற்ற கோபத்தில் இருக்கிறவன் கையில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. கம்பி வலைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். துப்பாக்கியை வாங்கித் தோட்டாவை எடுத்துவிட்டு, ஒரு தகர வில்லையைக் கொடுப்பேன். போகும்போது வில்லையைக் கொடுத்துத் துப்பாக்கியையும் தோட்டாவையும் வாங்கிக்கொள்வார்கள்.

துடைத்து வை என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. அது என் குணம். செபு தீவில் துப்பாக்கி செய்கிறவர்கள் வீட்டில் பிறந்தவள் நான். அப்பாவும் சித்தப்பாக்களும் கொல்லைக் கொட்டகையில் இரும்பை அரத்தால் ராவிக்கொண்டிருப்பார்கள், நாங்கள் பெண்பிள்ளைகள் எண்ணெய் போட்டுத் துடைப்போம். ஈரத் துப்பாக்கி அலமாரியில் கிடந்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அதனால் மண்ணெண்ணெயும் பழைய துணியும் தையல் மெஷின் எண்ணெயும் கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். "சோலிங் அக்கா கையில குடுத்தா குளிப்பாட்டிப் பவுடர் போட்டு அனுப்புவாங்கடா" என்று ஆண்கள் கேலி செய்வார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

என் கணவர் அனாக்லெத்தோவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கரும்பு வெட்டுகிறவர்களுக்காகப் பேசினார். பெரிய தோட்டத்து வரப்பில், பட்டப்பகலில், நெஞ்சில் ஒரே குண்டு. நாற்பத்தைந்து என்கிற பெரிய ரகத் துப்பாக்கியின் குண்டு அது. உங்கள் போலீஸ் அலுவலகத்தில்தான் அதை இன்னும் வைத்திருக்கிறீர்கள். தோட்டத்து முதலாளிக்கு மெய்க்காப்பாளனாக இருந்தவன் சாந்தோ. நாற்பத்தைந்து வைத்திருந்தவனும் அவன்தான். அவன்தான் சுட்டான் என்று ஊர் சொன்னது. ஊர் என்றால் ஒரு நாலு பேர். பார்த்தவர்கள் இல்லை. எனக்கு அது போதும்.

களத்து வேலையில் சேர்ந்த முதல் ஞாயிறு அவன் என் முன்னால் வந்து சட்டையைத் தூக்கினான். நான் யாரென்று தெரிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று, இருந்தாலும் எடுத்து நீட்டினான்.

"பத்திரமா வைங்கக்கா. இவன் இல்லேன்னா நான் இல்ல."

"குடுங்க தம்பி. அட, சேத்துல கெடந்த ஆணி கணக்கா இருக்கே. வேர்வையோட அப்பிடியே வச்சிருப்பீங்களா?"

அவன் வயிற்றுச் சூடு அதில் இன்னும் இருந்தது. அன்றைக்கு வந்த துப்பாக்கிகளில் அதைத்தான் அதிக நேரம் துடைத்தேன். கழற்றி, ஒவ்வொரு துண்டாக மண்ணெண்ணெயில் கழுவி, குழலுக்குள் துணியை விட்டு இழுத்து, எண்ணெய் போட்டு, மிச்ச எண்ணெயை ஒற்றி எடுத்து மாட்டினேன். என் புருஷனைக் கொன்ற சாமானை அழுக்காக விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை.

கழற்றியபோதுதான் உள்ளே மஞ்சளாகப் பிசின் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அடிப்பிடித்த வாணலியில் இருக்குமே, அதுபோல. அவன் கழுத்தில் ஒரு சின்ன சீசா தொங்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரிய வெள்ளியன்று மலைமேல் ஒரு வைத்தியன் ஏதேதோ வேர்களைப் போட்டுக் காய்ச்சிக் கொடுக்கிற தேங்காயெண்ணெய். எங்கள் ஆட்கள் பலருக்கு அதில் நம்பிக்கை உண்டு. அந்த எண்ணெய் பட்ட உடம்பில் குண்டு ஏறாது, அந்த எண்ணெய் பட்ட துப்பாக்கி எசமானைக் காட்டிக் கொடுக்காது என்பார்கள். சாந்தோ தினமும் காலையில் எழுந்ததும் துப்பாக்கிக்கு அதைப் பூசுவான். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் காறிப்போகும், பசையாகும், தூசியை எல்லாம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வாராவாரம் நான்தான் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு நல்ல எண்ணெய் போட்டேன். அவனுக்கு அது தெரியாது.

"பாத்தீங்களாக்கா, ஒரு புள்ளி துரு உண்டா? எல்லாம் இந்த சீசா மகிமை" என்பான். "அவனவன் அமெரிக்கா எண்ணெய் வாங்கிக் காசக் கரியாக்குறான்."

"ஆமா தம்பி. சாமி எண்ணெய் இருக்கறப்போ உங்களுக்கு என்ன கவலை" என்பேன் நான்.

அவன் நல்லபடியாகத்தான் பழகினான், அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் சேவல் தோற்றால் அந்தச் செத்த சேவலின் கறியில் ஒரு கால் எனக்கு வந்துவிடும். "எஞ் சேவல் செத்தா உங்க வீட்டுல விருந்து" என்று சிரிப்பான். பச்சைப் பப்பாளியும் முருங்கைக்கீரையும் போட்டு சூப் வைப்பேன். ருசியாகத்தான் இருந்தது.

அப்புறம் தோட்டத்து முதலாளி நிலத்தை விற்றுவிட்டு மணிலாவுக்குப் போனார். சாந்தோ தனியாளானான். கபாலூனா சகோதரர்கள் ஊருக்குத் திரும்பி வந்தது அப்போதுதான். ஆற்றங்கரையில் அவர்கள் அப்பாவுடைய குடிசையைக் கொளுத்தி விரட்டியவன் சாந்தோ. அதற்குச் சாட்சி இருந்தது, ஊரே நின்று பார்த்தது. அண்ணனும் தம்பியும் சாந்தோ போகிற வழியில் வந்து நிற்பார்கள். அவன் சட்டையைத் தூக்கிக் காட்டுவான், நகர்ந்துகொள்வார்கள். அவன் குறி தப்பாது என்று எல்லாருக்கும் தெரியும். அவன் உயிர் அந்த இரும்பில்தான் இருந்தது.

ஆகவே நான் எண்ணெய் போடுவதை நிறுத்தினேன்.

இதற்குச் சட்டத்தில் என்ன பெயர் சார்? துடைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் கட்டளையிட்டதில்லை. வெளிப்பக்கத்தை மட்டும் முகம் தெரிகிற மாதிரி துடைத்துக் கொடுத்தேன். உள்ளே அவனுடைய வியர்வையும் அவனுடைய நம்பிக்கையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். இவ்வளவுதான் நான் செய்தது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். இரவு படுத்து யோசித்தபோது, அது முழுக்க உண்மை இல்லை என்று பட்டது.

ஒரு ஞாயிறு களம் ஆரம்பிக்கும் முன்பே சாந்தோ வந்தான். பக்கத்தில் ஆள் இல்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டுக்காரரு விஷயத்துல ஊரு என் பேரச் சொல்லுது. நீங்களும் நம்புறீங்களா?"

"இப்ப எதுக்குத் தம்பி அது?"

"நான் இல்லக்கா. குடிசையக் கொளுத்துனேன், இல்லேன்னு சொல்லல. ஆளுங்கள அடிச்சிருக்கேன். ஆனா அனாக்லெத்தோ அண்ணன நான் சுடல. அன்னைக்கு முதலாளியம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். எவன் சுட்டான்னு அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது." துப்பாக்கியை வலைக்கு அடியில் தள்ளினான். "இத எடுத்துட்டுப் போங்க. அந்தக் குண்டையும் இதையும் வச்சுப் பாக்கச் சொல்லுங்க. நானே கூட வர்றேன். ஒளிக்கிறவன் இப்பிடிச் சொல்லுவானா?"

அவன் சொன்னது சாத்தியம்தான். குழலுக்குள் சுழன்று போகிற வரிகள் இருக்கும், வெளியே போகிற குண்டில் அவை கீறிவிடும். ஒரு குழலின் கீறல் இன்னொன்றில் வராது. கைரேகைபோல. எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூட அது தெரியும்.

"போன உசிரு திரும்பவா போகுது. விடுங்க தம்பி" என்றேன்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வலையின் இடுக்கு வழியாக என் கையை எடுத்துக் குனிந்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான். பெற்றவளிடம் ஆசி வாங்குவதுபோல. அவ்வளவு பெரிய ஆள், முதுகு குலுங்கியது.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது. கொன்றதைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பேன் சார். என் கையைத் தொட்டுக்கொண்டு பொய் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் பொய்தான் சொன்னான். அன்று முழுக்க என் நெஞ்சு எரிந்தது. அடுத்த ஞாயிறு ஒரு பாட்டிலில் கடல்தண்ணீர் பிடித்துக்கொண்டு போனேன்.

அதன்பிறகு எப்போதும்போல வேலை செய்தேன். கழற்றினேன், துணியை அந்தத் தண்ணீரில் நனைத்தேன், ஒவ்வொரு துண்டாகத் துடைத்தேன், குழலுக்குள்ளும் விட்டு இழுத்தேன், மாட்டினேன். வெளியே மட்டும் எண்ணெய். இரும்பு முதலில் சோகை பிடித்த மாதிரி வெளிறும், அப்புறம் தேன் நிறம், அப்புறம் செங்கல் பொடி. விசையருகே விரல் வைத்தால் நறநறவென்று ஒரு சத்தம். அவன் தானாகக் கழற்றிப் பார்க்கிற ஆள் இல்லை. சீசா இருக்கிறதே.

அதுவும் போதாமல் இருந்தது. துப்பாக்கி செத்துவிட்டது, ஆனால் அது எனக்கு மட்டும்தானே தெரியும். வாசலில் கஞ்சி விற்கிற பெர்த்திங் ஒருநாள் வலையருகே வந்து எட்டிப் பார்த்தான். கபாலூனா சகோதரர்கள் குடிக்க உட்காருவது அவன் கடையில்தான்.

"என்னக்கா, சாந்தோவோட துப்பாக்கி மாப்ள மாதிரி மினுக்குது?"

"மினுக்கு வெளியதான். உள்ள எல்லாம் போச்சு. அத வச்சு இனி ஆணி வேணா அடிக்கலாம். யாருகிட்டயும் சொல்லிடாத."

"நான் யாருகிட்டக்கா சொல்லப் போறேன்?"

பெர்த்திங்கிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் கோயில் மணியில் கட்டித் தொங்கவிடுவதும் ஒன்றுதான். தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறு சாந்தோவின் சேவல் ஜெயித்தது. சாயங்காலம் அதை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான், நல்ல சந்தோஷத்தில் இருந்தான். வில்லையைக் கொடுத்தான். "இன்னைக்கு உங்களுக்குக் கறி இல்லக்கா" என்றான். "பரவால்ல தம்பி" என்று துப்பாக்கியைக் கொடுத்தேன். தோட்டாவைப் போட்டு வயிற்றில் செருகிக்கொண்டு, பாதாம் மரத்தடியில் நிறுத்தியிருந்த பைக்கை நோக்கி நடந்தான்.

அண்ணனும் தம்பியும் அங்கே நின்றார்கள். இவன் சட்டையைத் தூக்கினான். அவர்கள் நகரவில்லை. இவன் உருவி நீட்டி அழுத்தினான். மறுபடி அழுத்தினான். அப்போது அவன் துப்பாக்கியைப் பார்த்தான். கழுத்துச் சீசாவைத் தொட்டான். அப்புறம் திரும்பி, வலைக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்காகத்தான் சார் நான் அத்தனை ஞாயிறு காத்திருந்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவாக நான் எதையும் பார்த்ததில்லை. அதன்பிறகு அவர்கள் சுட்டார்கள். சேவல் எகிறி மரத்தில் ஏறிக்கொண்டது.

அடக்கத்தன்று மிலாக்ரோஸ் என் தோளில் சாய்ந்து, "ஏங்க்கா அது சுடல? உங்க கையில குடுத்துதானே வச்சிருந்தாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் வியர்வை அப்படி, நாம் என்ன செய்ய முடியும் என்றேன். சின்ன மகள் என் மடியில் தூங்கிப்போனாள்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. துப்பாக்கி சுடாமல் போக விசையும் தோட்டாவைக் குத்துகிற ஊசியும் துருப்பிடித்தாலே போதுமே, குழலுக்குள்ளும் எதையோ விட்டு அரிக்க வைத்தாயே, எதற்காக என்று கேட்டீர்கள். நேற்று முழுக்க அதையே மாற்றி மாற்றிக் கேட்டீர்கள். கைப்பழக்கம் சார். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் துடைத்திருக்கிறேன், குழலை விட்டுவிட்டு எப்படித் துடைப்பது. வேறு காரணம் இல்லை. வேறு என்ன காரணம் இருக்க முடியும்.

என் புருஷன் நெஞ்சில் எடுத்த குண்டோடு வைத்துப் பார்த்தோம், குழல் முழுக்க அரித்துக் கிடக்கிறது, ஒரு வரிகூட மிச்சமில்லை, இவனா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்கிறீர்கள். நீங்கள் படித்தவர், உங்களிடம் கருவிகள் இருக்கின்றன. ஆனால் துரு மேலாகத்தான் இருக்கும், அடியில் இரும்பு அப்படியே இருக்கும், நான் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் மண்ணெண்ணெயும், கிழிந்த பருத்தித் துணியும், ஒரு சொட்டு நல்ல எண்ணெயும் இருந்தால் போதும். அந்தத் துப்பாக்கியை ஒரு தடவை என்னிடம் கொடுங்கள் சார், நான் சுத்தமாகத் துடைத்துத் தருகிறேன். அப்புறம் நீங்கள் இன்னொரு தடவை பாருங்கள்.