ஆடிக் காற்றுக்கு ஒரு மிதி

பேருந்தில் சும்மா உட்கார்ந்தபடியே பிரேக் மிதிக்கிற கிறுக்கு எனக்கு உண்டு. எதிரே லாரி வந்தால் டிரைவருக்கு முன்னால் நான் மிதித்துவிடுவேன். அன்று தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்கு வந்தபோது, பக்கத்தில் இருந்தவன் சிறிய விமானம் ஓட்டப் பழகுகிறவன் என்று பேச்சிலேயே தெரிந்தது. ஜன்னலோரம் அவன் கூட்டாளி, பேட்டையில் பட்டறை வைத்திருப்பவன்.

"நேத்து மூணு தடவ இறங்காம மேல போயிட்டியாம்லே?" என்றான் கூட்டாளி.

"ஆடிக் காத்து பக்கவாட்டுல விட்டு விட்டுத் தள்ளுது. மூக்கக் காத்துப் பக்கம் திருப்பி, நண்டு கணக்கா சரிஞ்சுதான் வரணும்."

"அப்படியே இறங்கிர வேண்டியதுதானலே."

"சக்கரம் பிஞ்சிரும்லே. தரையத் தொடுததுக்குக் கொஞ்சம் முன்ன கால் பெடல மிதிச்சு மூக்க நேராக்கணும். எனக்கு அந்த மிதிதான் பிந்திருது."

"வாத்தியாரு ஏசுனாரா?"

"இல்ல. சரியில்லன்னு தெரிஞ்சு மேல போனதுதான் புத்தி, நாளைக்குத் தனியாப் போன்னுட்டாரு."

"எப்பம் மிதிப்ப?"

அவன் உள்ளங்கையை விமானமாக்கி, முன்சீட்டுக் கம்பியை நோக்கிப் பையத் தாழ்த்தினான்.

"இந்தா... இந்தா... இப்பம்!"

நான் ஓங்கி மிதித்துவிட்டேன்.

"அண்ணாச்சி, நாளைக்கு அந்தக் காலு எனக்கு வேணும்."