கத்தார்ல இருக்கான்

— மறுபடி சொல்லு பாப்போம், முத்துவீரா. மாப்ள கேட்டா என்ன சொல்லுவ?

— வவுனியாவுல தேங்கா யாவாரம் பண்ணுனேன்.

— கிளிநொச்சி?

— அப்பிடி ஒரு ஊரையே கேள்விப்பட்டதில்ல.

— அம்புட்டுக்கு வேணாம்டா! பஸ்ஸுல போர்டு பாத்திருக்கேன்னு சொல்லு.

— ஏக்கா, எழுபத்தேழு கலவரத்துல எல்கடுவ தோட்டத்து லயத்த விட்டு ஓடி, முப்பத்திரெண்டு வருசம் கிளிநொச்சி மண்ணக் கொத்துனவன் நான். அகதி கேம்புலருந்து வந்து மூணு நாளாகல. எனக்கெங்க தேங்கா யாவாரம் தெரியும்?

— அட சாமி, என் மக வாழணும்ல! கமலாட்சி கட்டியிருக்கது சிங்களப் பையன். மாப்ள நேத்து வந்த அசதியில ஒண்ணும் கேக்கல. இன்னைக்குச் சோத்துக்கு உக்காந்தா கேப்பாரு.

— சீகிரியா ஹோட்டல்ல சமையல்னுதானே சொன்ன? நேத்து பருப்புக்கு உப்புப் பாக்க ஒன்னயக் கூப்புட்டாரு.

— பெரிய ஹோட்டல்ல உப்புக்குத் தனி ஆளுடா.

— கோயில்ல பட்டாசு வெடிச்சதும் தரையில படுத்துட்டாரே?

— ஹோட்டல்ல கேஸ் வெடிச்ச பயம். நீயுந்தான படுத்த!

— ஆமா. எனக்குத் தேங்கா விழுந்த பயம்.

— நக்கல் பண்ணாத. மகன் எங்கேன்னு கேட்டா?

— அது வேணாம்க்கா.

— சொல்லுடா.

— கத்தார்ல இருக்கான்.

— அவரு தம்பியப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத. தம்புள்ளையில லொறி மோதிச் செத்த பய. பேச்செடுத்தா கலங்கிருவாரு.

— போதும்க்கா. காலையில பீலித் தண்ணியில குளிக்கையில அவரே சொல்லிட்டாரு. அவரும் ஆமி, தம்பியும் ஆமி. தம்பி போன தை மாசம் கிளிநொச்சி சண்டையில செத்துட்டானாம்.

— அட சாமி! நீ என்னடா சொன்ன?

— இயக்கம் புடிச்சிட்டுப் போன என் மகனும் அதே தையில, அங்கதான் செத்தான்னேன்.

— ஐயோ! அடிச்சிட்டாரா?

— இல்லக்கா. சோப்ப எடுத்து என் முதுகத் தேச்சு விட்டாரு.

— பாவி, இம்புட்டு நேரம் என்னயப் பேசவிட்டு வேடிக்க பாத்தியே!

— ‘மாமிக்குச் சொல்லாதீங்க, பயந்துருவாங்க’ன்னாருக்கா.

— பெறவு ஏன் சொன்ன?

— அடுத்த மாசம் அவரு தம்பி தெவசத்துக்கு நான் போகணும், ஒனக்குச் சொல்லாம எப்பிடி? என் பயல எங்க பொதைச்சாங்கன்னே எனக்குத் தெரியாது. ‘எங்க மல்லியோட, அதான் எங்க தம்பியோட, குழிமேட்டுலயே உங்க மகனுக்கும் ஒரு விளக்கு வைங்க மாமா, நான் ஊர்ல சொல்லிக்கிறேன்’னு கூப்புடுறாரு.