பீரங்கி ஏறிய பாதை

நாத்தனார்: …வீல்சேர் சக்கரத்துல கை வைக்காதீங்க அண்ணி. நான்தான் தள்றேன்ல.

அண்ணி: தள்ளு தள்ளு. உங்க வீட்டுல எல்லாரும் என்னைத் தள்ளித்தான் வச்சாங்க. நீ ஒருத்திதான் கூடவே தள்ளிட்டு வர்ற.

நாத்தனார்: நக்கலுக்குக் குறைச்சல் இல்ல. கோட்டைன்னதும் ஒரே படியா இருக்கும்னு பயந்தேன். வழியெல்லாம் சாய்வாத்தான் இருக்கு.

அண்ணி: பீரங்கியை மேல ஏத்தப் போட்ட பாதை. அதுக்கும் கால் கிடையாது, சக்கரம்தான்.

நாத்தனார்: இதெல்லாம் உங்களுக்கு எப்படி…

அண்ணி: பலகையில போட்டிருக்கு.

நாத்தனார்: எந்தப் பலகை? நான் பாக்கலையே.

அண்ணி: நீ எதைத்தான் பாத்த… அங்க பாரு, பனி. பாதி மதில்தான் தெரியுது. மீதியை மேகத்துலயே கட்டிட்டாங்க போல.

நாத்தனார்: ம்… கீழ தரையே தெரியல. நாம மிதக்குற மாதிரி இருக்கு.

அண்ணி: அந்தப் புல்மேட்டுக்குள்ளதான் வெடிமருந்து வச்சிருந்தாங்களாம். இப்ப அது மேல புறா தூங்குது.

நாத்தனார்: சண்டை நடந்த இடம் மாதிரியே இல்ல. யாரோ தூக்கத்துல மூச்சு விடுற மாதிரி… கேக்குதா?

அண்ணி: காத்துடி. துப்பாக்கி நீட்டுறதுக்குச் சுவத்துல ஓட்டை இருக்கில்ல, அது வழியா வருது… ஆமா, உனக்கு வெளியூர்ல மேனேஜர் வேலை குடுத்தாங்களாமே?

நாத்தனார்: யாரு சொன்னா?

அண்ணி: உன் ஆஃபீஸ் சிநேகிதி. போன்ல.

நாத்தனார்: அவ வாயில எதுவும் தங்காது… வேணாம்னு சொல்லப் போறேன் அண்ணி. அண்ணன் லாரி எடுத்தா பத்து நாள் வீட்டுப் பக்கம் வர்றதில்ல. உங்களை யாரு பாத்துக்குவா?

அண்ணி: அப்ப… என் காலுக்காகத்தான்.

நாத்தனார்: பின்ன?

காவலாளி: வாங்கம்மா வாங்க. என்ன, இன்னிக்கு ஆள் வச்சுத் தள்ளிட்டு வர்றீங்க? அன்னிக்கு உச்சி வரைக்கும் நீங்களே ஏறிட்டீங்க.

நாத்தனார்: என்னிக்கு?

காவலாளி: வேலைக்குப் பேச வந்தாங்கல்ல, அன்னிக்குத்தான். திங்கக்கிழமையிலேர்ந்து கீழ டிக்கெட் கவுண்டர்ல இவங்கதானே… சரிம்மா, பாத்துப் போங்க. ஈரம்.

நாத்தனார்: அண்ணி…

அண்ணி: நானே சொல்லலாம்னுதான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன். அந்த மனுஷன் முந்திக்கிட்டார்.

நாத்தனார்: தனியாவா வந்தீங்க?

அண்ணி: ஆட்டோவுல. பாதி ஏத்தத்துல கை வலிச்சு அழுதுட்டேன். மேல போனதும் சிரிப்பு வந்துருச்சு, பைத்தியம் மாதிரி… இனிமே எனக்காக நீ நிக்க வேணாம்டி. கிளம்பு.

நாத்தனார்: கிளம்பவா?

அண்ணி: ஆமாடி. சந்தோஷம்தானே?

நாத்தனார்: உங்களுக்காகத்தான் நிக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன் அண்ணி… அது பொய். பக்கத்து ரூம்ல நீங்க இருமுற சத்தம் கேட்டாத்தான் எனக்குக் கண்ணே அசரும். தனியா இருக்க… எனக்குத்தான் பயம்.