சில்லென்ற நெற்றி

கொதிக்கிற பால்மேல் நான் உள்ளங்கையைக் காட்டினால் அது பனிக்கட்டியாக உறைந்துவிடும். சிரிக்காதீர்கள் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். அலெக்சாண்ட்ரியாவில் மூன்றே நிமிடத்தில் காய்ச்சலை இறக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நாற்பது வருடம் டிராம் ஓட்டி ஓய்ந்தவன் நான். மகள் நாஹித் ஆறு மணிக்கே தையல் ஆலைக்குப் போய்விடுவாள். பேத்தி ஜனாவைக் காப்பகத்தில் விடுவது என் பொறுப்பு. காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மருந்தில்லாமலே ஒரு முழுநாள் சூடு தணிந்திருக்க வேண்டும், அப்புறம்தான் உள்ளே வரலாம் என்பது அங்கே விதி. ஜனாவுக்கோ மாதம் இரண்டு காய்ச்சல். ஒவ்வொன்றுக்கும் நான்கு நாள் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். இந்த முழங்காலைப் பாருங்கள். காப்பிக்கடையில் ஒரு நாற்காலி, ஒரு டோமினோக் கட்டை ஆட்டம். எனக்கென்று மிஞ்சியது அவ்வளவுதான்.

காப்பக வாசலில் அதை நடத்தும் இன்ஷிராஹ் நிற்பாள். வெப்பமானி எல்லாம் கிடையாது. எங்கள் தெருத் தாய்மார்களைப் போலவே ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் முத்தமிட்டுப் பார்ப்பாள். உதட்டில் சுட்டால் வீட்டுக்குத் திருப்பிவிடுவாள்.

என் வித்தை சின்னது. வீட்டில் ஒரு கரண்டி காய்ச்சல் மருந்து. தெருமுனையில் நெற்றி நிறைய எலுமிச்சை கொலோன், தடவினால் சில்லென்று ஆவியாகிற வாசனைத் திரவம். பிறகு பிள்ளையின் முகத்தைக் கடற்காற்றுப் பக்கம் திருப்பிப் பிடித்தால் போதும். மீன்கடை ஐஸ் தோற்றுப்போகும். போன காய்ச்சலில் மூன்று நாள் இதையே செய்தேன்; முதல் நாள் இன்ஷிராஹ் கேட்டாள்:

“என்ன ஹாஜி, புள்ளைக்குக் கண்ணு சொருகுதே?”

“நேத்துப் பூரா என் கதையக் கேட்டா யாருக்கும்மா சொருகாது?”

சிரித்தபடி ஜனாவின் நெற்றியில் முத்தமிட்டாள். “சில்லுன்னுதான் இருக்கு,” என்றாள். பிறகு தொட்டிலில் அழுத தன் மகனைத் தூக்கி அவனையும் முத்தமிட்டாள். அவனை விட்டுவர வேறு இடமில்லாமல் கூடவே வைத்திருந்தாள். இரண்டு மாதக் குழந்தை. அது எனக்குத் தெரியும். மூன்று நாளும் அவன் கன்னத்தைத் தட்டிவிட்டுத்தான் ஆட்டத்துக்குப் போனேன்.

வித்தையை என் ஆட்டக் கூட்டாளி விஸ்ஸாவிடம் சொன்னேன்.

“டிராமைக் கடல் மேல ஓட்டின ஆளாச்சே நீ! கொலோனத் தடவி அந்தப் பொம்பளையவே ஏமாத்திட்டியாக்கும்? போய்யா, கட்டையப் போடு.”

அடுத்த வாரம் காப்பகம் பூட்டிக் கிடந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஜனாவுக்குத்தான் சரியாகிவிட்டதே.

அன்று விஸ்ஸா துக்கப் பந்தலிலிருந்து நேராகக் காப்பிக்கடைக்கு வந்தான்.

“இன்ஷிராஹ் பையன் காய்ச்சல் தொத்தி மூச்சுத் திணறிச் செத்துட்டான். ‘ஒரு புள்ளைக்கும் சுடலையே, ஹாஜி பேத்தி நெத்தியில எலுமிச்ச வாசம்தானே வந்துச்சு’ன்னு சொல்லிச் சொல்லி அழறா.”

முப்பது வருடமாக என் பேச்சில் ஒன்றைக்கூட நம்பாதவன், கட்டைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தான்.

“நீ சொன்னது நடந்திருக்கு, ஷவ்கி.”

சொன்னால் நம்பமாட்டீர்கள் ஐயா, எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.