பகலவன் எழுதிய பதினொரு பக்கங்கள்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் துறை இயக்குநர் அவர்களே, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எர்ணாவூரிலிருந்தும் சாத்தாங்காட்டிலிருந்தும் இந்த இரங்கல் கூட்டத்துக்காகத் தண்டையார்பேட்டை மண்டபத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பகலவனின் துணைவியார் தங்கை யசோதரா அவர்களே, வணக்கம்.

புள்ளியியல் அலுவலர் பகலவன் போய்விட்டார்! நாற்பத்தாறு வயது. போன செவ்வாய்க்கிழமை மாரடைப்பு. பதினெட்டு ஆண்டுகள் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். அவரைப் புகழ்ந்து பேசு என்கிறீர்கள். எந்த வாயால் புகழ்வேன்? அருள்பிரகாசமாகிய நான் அவருக்குச் செய்ததை முதலில் சொல்ல வேண்டாமா?

காற்று மாசு விதிகளை நம் மாநிலம் நிறைவேற்றினால் எவ்வளவு செலவாகும் என்று மேலிடத்தில் அறிக்கை கேட்டார்கள். வடசென்னைப் பகுதி எங்கள் மேசைக்கு வந்தது. புகைபோக்கி வடிகட்டிக்கு இத்தனை கோடி, கருவிக்கு இத்தனை கோடி என்று செலவுப் பக்கம் மளமளவென்று நிரம்பியது. அதனால் மக்களுக்கு என்ன மிச்சமாகும்? அந்தக் கட்டத்தில் 'கணக்கிட இயலாது' என்று எழுதினேன். பகலவன் சும்மா இருப்பாரா? "இயலாதா சார், இல்ல நாம போய்க் கேக்கலையா?" என்றார்.

போனார்! நான்கு மாதம் வெயிலில் அலைந்தார். எர்ணாவூரில் அங்கம்மா, இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார், இவர் பகலவனிடம் கேட்டது என்ன?

"தொவச்ச துணி கொடியில காயறதுக்குள்ள சாம்பலாயிடுது. திரும்பியும் தொவைக்கணும். கொயந்தைக்கு இளைப்பு வந்தா அன்னிக்கு வேலை மட்டம். இதெல்லாம் உன் கணக்குல வந்துகீதா சார்?"

சாத்தாங்காட்டில் இரும்புப் பட்டறைக்காரர் ரகுபதி சட்டையைப் பிடிக்காத குறை. "இன்னா நைனா, பட்டறைய மூட வந்துகீறியா? பொகைக்கு பில்டர் வெக்க துட்டு ஏது? நாப்பது பேர் வூட்ல அடுப்பு எரிய வாணாமா?"

இரண்டையும் எழுதினார் பகலவன்! அங்கம்மா இழந்த கூலியும் உண்டு, பட்டறை மூடினால் போகும் கூலியும் உண்டு. யாருக்காகவும் ஒரு எண்ணைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சிறு பட்டறைகளுக்கு அரசே கடன் கொடுத்தாலும், விதிகளை நிறைவேற்றாமல் விடுவதுதான் அதிகச் செலவு என்று காட்டினார். மொத்தம் பதினொரு பக்கம்.

அந்தப் பதினொரு பக்கத்தையும் கிழித்தெடுத்தவன் யார்? நான்தான்! அரசாங்கக் கோப்பில் துணி துவைக்கிற கணக்கா என்று எல்லோர் முன்னாலும் சிரித்தேன். அவர் கோபப்படவில்லை. "கணக்கு தப்புன்னா சொல்லுங்க சார், திருத்திடறேன். சரின்னா ஏன் எடுக்கறீங்க?" என்றார். மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்காது என்று பயந்தேன், அவ்வளவுதான். அவரிடம் மன்னிப்புக் கேட்க நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாளை அவர் எனக்குக் கொடுக்கவில்லை.

இயக்குநர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும்! நாளைக் காலை அறிக்கை தலைமைச் செயலகம் போகிறது. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வடிகட்டிக்குக் காசில்லை என்று இன்னும் பத்து வருடம் ஓட்டுவதற்கு, அந்தப் பதினொரு பக்கம் இல்லாத அறிக்கையே போதும். எனக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கிறது. பென்ஷன் பயம் எனக்கும் உண்டு, ஒளிக்க மாட்டேன்.

அங்கம்மா, ரகுபதி, அடுத்த கணக்கெடுப்புக்கு உங்கள் வாசலுக்கு நானே வருவேன். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

இயக்குநர் அவர்களே, இதோ அறிக்கை. பதினொரு பக்கத்தையும் திரும்பச் சேர்த்திருக்கிறேன். இத்தனை பேர் பார்க்கக் கையெழுத்துப் போடுகிறேன். எந்தப் பக்கம் வேண்டாமோ, இந்த மைக்கில் காரணம் சொல்லிவிட்டு நீங்களே எடுங்கள்.