நீலப் பந்து விக்கறதுக்கு இல்ல

அய்யோ, அது வேணாம்மா, மேல் தட்டுக்கு எட்டாதீங்க. தட்டுல வேற எது வேணும்னாலும் கேளுங்க, அந்த நீலப் பந்து மட்டும் விக்கறதுக்கு இல்ல. ஏன்னு கேட்டா என்ன சொல்றது, வீட்டுக்காரிக்குத் தூசி தட்ட ஒரு சாமான் வேணும்ல, அதுக்கு வச்சிருக்கேன்னு வச்சுக்கோங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஆடும், ஆனா விழாது. கடை போட்ட நாள்லேர்ந்து ஆடிக்கிட்டுதான் இருக்கு.

சரி, அப்பாவுக்குப் பரிசு. உங்க முதல் சம்பளம். அவர் ரிட்டயர் ஆகி, ரெண்டு மாசம் முன்னதான் குடும்பத்தோட இந்த ஊருக்கு வந்திருக்கீங்க, வந்ததுலேர்ந்து ரிமோட்டைக் கீழ வைக்க மாட்டேங்கறாரு, முன்ன இந்தப் பந்து உருட்டற பவுலிங்கை நல்லா ஆடுவாராம், திரும்ப ஆட வைக்கணும். நல்ல யோசனைம்மா. அதுக்கு எதை எடுத்திருக்கீங்க, இந்த சிவப்பா? எல்லாரும் இதைத்தான் எடுக்கறாங்க. போன வாரம் ஒரு பல் டாக்டர் வந்தாரு. இதேதான் வேணும், அதுவும் இருக்கறதுலயே கனமானது வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. மறுநாள் கையைத் தூக்க முடியல, க்ளினிக்குக்கு லீவு. அன்னிக்குப் பல்லு தப்பிச்சவங்க எல்லாம் என்னை வாழ்த்தியிருப்பாங்க.

சிவப்பு நல்ல பந்துதான், நான் குறை சொல்லல. அது வளையும். பந்து உருளற பலகைப் பாதை, அதான் லேன், அதுல பாதி தூரத்துக்கு மேல எண்ணெய் தடவியிருக்கும், அதுல வழுக்கிட்டுப் போகும். எண்ணெய் இல்லாத இடம் வந்ததும் பலகையைக் கவ்விப் பிடிச்சு, சடார்னு உள்ள திரும்பி, கோடியில பாட்டில் மாதிரி நிக்கற பத்து பின்னையும் ஒரே அடியில சாய்ச்சிடும். அது ஸ்ட்ரைக். பாக்கறவங்க கை தட்டுவாங்க. ஆனா எப்பவும் பத்தும் விழுமா? ஒண்ணு ரெண்டு நிக்கும். அதை ரெண்டாவது பந்துல தள்ளணும், அதுதான் ஸ்பேர். ஜெயிக்கறதும் தோக்கறதும் அந்த ரெண்டாவது பந்துலதான். கை தட்டறவங்களுக்கு அது தெரியாது.

இதுல ஒரு சனியன் இருக்கு, பத்தாம் நம்பர் பின். வலது கோடியில, பள்ளத்து ஓரமா நிக்கும். மத்த ஒன்பதும் விழுந்தாலும் இது மட்டும் கோச்சுக்கிட்ட சம்பந்தி மாதிரி அசையாது. வலது கைக்காரங்க வளையற பந்தை அங்க விட்டா என்ன ஆகும்? அதைப் பாத்துதான் போகும். நமக்கும் நெஞ்சு நிறைஞ்சிடும். கிட்ட போனதும், எனக்கெதுக்கு வம்புன்னு இடது பக்கம் திரும்பிக்கும். அதனால அந்தப் பின்னுக்கு பிளாஸ்டிக் பந்துதான் வேணும். அதுக்குப் பலகையைக் கவ்வத் தெரியாது, எண்ணெய் இருக்கா இல்லையான்னு பாக்காது, விட்ட வழியில போகும். இடது பக்கம் தள்ளி நின்னு, குறுக்கால பின்னைப் பாத்து விட்டா போதும். எடை மட்டும் பழகின பந்து அளவுக்கோ, ஒரு பவுண்டு குறைச்சலாவோ இருக்கணும். கலர் எதுவா இருந்தா என்ன.

சிரிக்கறீங்க. விலை கம்மியானதைப் போய் இப்படி விழுந்து விழுந்து விக்கறானேன்னா? என் வீட்டுக்காரியும் இதையேதான் கேக்கறா. அதோ, ஷூ கவுன்ட்டர்ல, ஆட வர்றவங்களுக்குக் குடுக்கற வாடகை ஷூவுக்கெல்லாம் ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டு நிக்கறாளே, அவதான். பெரிய பந்து வாங்க வந்தவங்களைப் பேசிப் பேசியே சின்ன பந்து வாங்க வைக்கற ஒரே கடைக்காரர் நீங்கதான்னு தினம் ஒரு தடவ சொல்லிடுவா.

சரி, அப்பாவைக் கூட்டிட்டு வாங்க, கை அளவு எடுத்துடலாம். வேணாமா? அவருக்குத் தெரியக்கூடாதா? அட, பேப்பர்ல வரைஞ்சே கொண்டாந்திருக்கீங்களா. நாற்காலியில தூங்கும்போது கையைப் பிடிச்சு வச்சு பென்சில்ல வரைஞ்சீங்களா. முழிச்சுக்கலியா? நல்ல தூக்கம்தான். பொதுவா நான் ஆளைப் பாக்காம பந்துல விரல் துளை போடறதில்லம்மா. கட்டை விரலுக்கும் மத்த ரெண்டு விரலுக்கும் நடுவுல துளி தப்பினாலும் கை போயிடும். இருந்தாலும் குடுங்க, பாப்போம்.

இருங்க. கண்ணாடி எங்க வச்சேன்.

இந்த மோதிர விரல் ஏம்மா பாதியில நிக்குது, பென்சில் தீந்து போச்சா? வேலையில நசுங்கினதா. ம்.

இல்லம்மா, ஒண்ணுமில்ல. துளை போட்ட தூள் தொண்டையில போயிடுச்சு. தண்ணி குடிச்சா சரியாயிடும். என்ன பேசிட்டிருந்தோம், நான் ஏன் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்னு அடிச்சுக்கறேன்னா. சொல்றேன். உங்களுக்கு அவசரம் இல்லியே?

எனக்கு முன்ன ஒரு பார்ட்னர் இருந்தாரு. இங்க வருஷா வருஷம் ஜோடி ஆட்டம் ஒண்ணு நடக்கும். ஒருத்தர் முதல் பந்து போடணும், மிச்சம் நிக்கறதை இன்னொருத்தர் தள்ளணும். அவர் எப்பவும் முதல் பந்து, நான் ரெண்டாவது. நாலு வருஷம் அப்படி ஆடி, அஞ்சாவது வருஷம் ஃபைனலுக்கு வந்துட்டோம். கடைசியில அவர் ஒன்பதைத் தள்ளிட்டாரு. நிக்கறது எது? அந்தச் சனியன்தான். அதைத் தள்ளினா கப்பு எங்களுக்கு.

அவர் என் காதுகிட்ட வந்து, பிளாஸ்டிக்கை எடுடான்னாரு. நான் கேக்கணுமே. அந்த வாரம்தான் வளையற பந்து ஒண்ணு புதுசா வாங்கியிருந்தேன், இதே மாதிரி சிவப்பு. அத்தனை பேரு பாக்கறாங்க, அங்க போய் பிளாஸ்டிக்கைத் தூக்கினா என் கெத்து என்னாகறது? சிவப்பை விட்டேன். போச்சு, போச்சு, கிட்ட போச்சு, அப்புறம் அது பாட்டுக்குத் திரும்பிப் போயிடுச்சு. பின்னு மேல காத்து கூட படல. ஒரு பின்னுல தோத்தோம்.

அதோட விட்டிருக்கலாம். போனா போகுது, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு அவரே சொல்லிட்டாரு. மறுநாள் மத்தியானம் அவங்க வீட்ல எல்லாரும் சாப்பிட உக்காந்தோம். ஏம்ப்பா தோத்தீங்கன்னு யாரோ சும்மா கேட்டாங்க. என் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவரைக் கை காட்டி, இவர் ஏன் ஒண்ணை நிக்க வச்சாரு, இவர் ரிப்பேர் பண்ற லிஃப்ட் மாதிரிதான் இவரும், எதுலயும் பாதியில நிக்கற ஆளுன்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவர் சிரிக்கல. அதுக்கு முந்தின வாரம்தான் ஒரு லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோய், அவரை வேலையை விட்டு எடுத்திருந்தாங்க. அது எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சேதான் சொன்னேன். சாப்பாட்டைப் பாதியில விட்டு, கையைக் கழுவிட்டு உள்ள போயிட்டாரு. ரெண்டு மாசத்துல வேற ஊர்ல வேலை கிடைச்சு குடும்பத்தோட கிளம்பிட்டாரு. பதினாலு வருஷம் ஆச்சு.

ஏம்மா எழுந்துட்டீங்க? உக்காருங்க. ஆமா, லிஃப்ட் மெக்கானிக்தான்.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். டிவில பவுலிங் வந்தா பாப்பாரா? பாத்துட்டு கத்துவாரா? என்னன்னு கத்துவாரு? பிளாஸ்டிக்கை எடுடான்னா? டான்னா சொல்றாரு? பொம்பளைங்க ஆடினாலும் டாதானா?

அப்ப அவர் டிவிகிட்ட பேசலம்மா. என்கிட்டதான் பேசிக்கிட்டிருக்காரு.

அம்மா என்னைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காளா, தம்பி ஒருத்தன் இருக்கான்னு? பிடிவாதக்காரன்னா. அவ்வளவுதானா? குறைச்சுதான் சொல்லியிருக்கா, பாசம். அங்க போன புதுசுல ஒரு தடவ போன் பண்ணா. நேர்ல வந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுடா, போதும்னா. நானும் பந்தைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மூணு தடவ போனேன். என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கறதுன்னு மூணு தடவையும் திரும்பிட்டேன். பதினாலு பவுண்டு. போறப்ப கனக்கல, வர்றப்பதான் கனத்துச்சு. அப்புறம் வெக்கத்துல போனும் பண்ணல, அவளும் விட்டுட்டா.

எந்தப் பந்தா? அந்த ஸ்டூலை இப்படிக் குடு. பிடிச்சுக்கோ, ஆடும்னு சொன்னேன்ல. இதோ, இந்த நீலப் பந்துதான். மோதிர விரல் துளையைப் பாரு, கட்டை விரல் பக்கமா அரை அங்குலம் தள்ளிப் போட்டிருக்கேன். நீ வரைஞ்ச படத்தை மேல வச்சுப் பாரு. சரியா இருக்கா? அந்தக் கைக்கு எனக்கு அளவு பேப்பர் வேணுமா என்ன. அவர் கிளம்பின வாரம் போட்ட துளை. உனக்கு அப்ப அஞ்சு வயசு, உங்கப்பா ஆடற பந்தைத் தூக்க முடியாம அது மேல ஏறி உக்காந்துப்ப.

சார் சார்னு கூப்பிடாத. பர்ஸை உள்ள வை, மாமன்கிட்ட வந்து பில் கேக்கறா பாரு. அங்க உங்க அத்தை ஒரே ஷூவுக்கு மூணாவது தடவ ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டிருக்கா, எல்லாம் காதுல விழுந்திருக்கு. போய் ஒரு வார்த்தை பேசிட்டுப் போ.

அப்பாகிட்ட குடுக்கும்போது நீ ஒண்ணும் சொல்ல வேணாம். விரலை உள்ள விட்டாருன்னா அவருக்கே தெரிஞ்சிடும். கேட்டா மட்டும் சொல்லு, சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி, ஏழாவது லேன். முதல் பந்து அவர் போடட்டும், மிச்சம் நிக்கறதை நான் தள்ளறேன். பிளாஸ்டிக்லதான் போடுவேன்னும் சொல்லிடு.