ஜெனரேட்டர் அறையின் வெள்ளைத் தரை

வெள்ளைத் தரையைச் சுத்தமாக வைத்திருப்பது எவ்வளவு பாடு என்பது அதை வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும். உங்கள் ஸ்டேஷனில் சிவப்புத் தரை. பிழைத்தீர்கள், இன்ஸ்பெக்டர் சார்.

வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்ககத்துக்கு ஆறு வருடமாக நான்தான் செயலாளர். இந்த வருடம் 'சிறந்த குடியிருப்பு' கோப்பைக்கு எழுதிப் போட்டோம். பூங்காவையும் நீச்சல்குளத்தையும் எவன் வேண்டுமானாலும் காட்டுவான். நான் ஜெனரேட்டர் அறையைக் காட்ட முடிவு செய்தேன். தரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்து, செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லி வாசலில் பலகை வைத்தேன்.

நடுவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு எங்கள் மெக்கானிக் முனிகிருஷ்ணன் டீசல் ஃபில்டரை மாற்றினார். ஜோகுபாளையத்துக்காரர், கெட்டிக்காரர். மாற்றும்போதே மூன்று சொட்டு டீசல் கீழே விழுந்தது. அதைத் துடைக்க எனக்கு அரைமணி ஆயிற்று. அதற்குள் அவர் ஏதோ ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தப் போனார்.

"என்னப்பா அது?"

"ஏர் எடுக்கணும் சார். புது ஃபில்டர்ல காத்து நிக்கும். கைப்பம்பை அடிச்சா நுரையா டீசல் வரும், நுரை நின்னா முடுக்கிடலாம். ஸ்வல்ப நேரந்தான்."

"டீசல் எங்க வரும்?"

"வெளியதான் சார். கீழ டப்பா வெச்சுக்கறேன்."

டப்பா வைத்தால் டப்பாவின் வட்டம் தரையில் விழும். நடுவர்கள் வந்து போகட்டும், அப்புறம் எடு என்றேன்.

"அதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா? ரெண்டு நிமிஷம் ஓடும் சார், அப்புறம் கப்புனு நின்னுடும்."

அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நடுவர்கள் நீச்சல்குளத்தருகே நின்றிருந்தபோது கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் தானாகவே ஓடி, சொன்னபடி இரண்டு நிமிடத்தில் நின்றது. எட்டாம் மாடியிலிருந்து பிரிஜெட் டீச்சர் போன் செய்தார். அவருடைய அம்மா ஆஞ்சலாவுக்கு நுரையீரல் கெட்டு, ஆக்ஸிஜன் மெஷினில்தான் மூச்சு. வீட்டில் சிலிண்டர் வைத்திருந்தார்கள். தீ ஆபத்து என்று அதை எடுக்கச் சொன்னவன் நான். ஜெனரேட்டர் இருக்கையில் சிலிண்டர் எதற்கு?

"கிஷோர் சார், மெஷின் நின்னுடுச்சு. அம்மாவுக்கு மூச்சு வாங்குது. ஆம்புலன்ஸ் டிராஃபிக்ல மாட்டிக்கிச்சாம். எப்ப சார் கரண்ட் வரும்?"

"இப்ப வந்துடும்மா" என்றேன். யாரையும் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது.

முனிகிருஷ்ணன் ஸ்பானரோடு ஓடிவந்தார். "சாவி குடுங்க சார். நாலே நிமிஷம். ஆபத்துக்குப் பாவமில்ல சார்."

பதறாத காரியம் சிதறாது என்றேன். நடுவர்கள் அடுத்து அந்த அறைக்குத்தான் வருகிறார்கள். தரையில் டீசலும் நுரையுமாகக் கிடந்தால் ஆறு வருட உழைப்பு என்ன ஆவது? அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

பிரிஜெட் இன்னும் நான்கு தடவை அழைத்தார். நடுவர் பேசிக்கொண்டிருக்கும்போது போன் அடிப்பது மரியாதை இல்லை. சத்தத்தை நிறுத்தி வைத்தேன்.

நடுவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் தரையைப் படம் எடுத்தார்கள். "ஜெனரேட்டர் சத்தமே கேட்கலையே, பிரமாதம்" என்றார் ஓர் அம்மா. நன்றி சொன்னேன்.

அவர்கள் போனதும் முனிகிருஷ்ணனை உள்ளே விட்டேன். அவர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, அழுதுகொண்டே பம்பை அடித்தார். நுரை வந்தது, பிறகு சுத்தமான டீசல் வந்தது. அவர் சொன்னபடி நாலே நிமிடம். எஞ்சின் ஓடி எட்டாம் மாடியில் மெஷினும் ஓடியது. ஆஞ்சலா அம்மாவுக்குத்தான் அது தேவைப்படவில்லை.

மெக்கானிக் வேலையை அரைகுறையாக விட்டுப் போனார் என்று உங்களுக்கு எழுதிக் கொடுத்ததும் நான்தான். நேற்று அவரை நீங்கள் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்ததைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை, அதனால் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். ஏர் எடுக்க விடாதவன் நான். நின்றுவிடும் என்று தெரிந்துதான் பூட்டினேன். அந்த அம்மாள் மூச்சுக்குத் தவித்த இருபத்திரண்டு நிமிடமும் சாவி என் பையில்தான் இருந்தது. இதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் கடைசியில் தரையில் ஒரு சொட்டு சிந்தியது முனிகிருஷ்ணனால்தான், சார். அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.